காரணூர் மண்ணை அள்ளிய மாப்பிள்ளை

தும்பரைக்காரர்களுக்கு ஊர்ச் சங்கத்துப் பெண்டுலக் கடிகாரம் சொன்னால்தான் நேரம். அது மதியம் ஒரு மணி அடிக்காமல் ஒருவருக்கும் பசிக்காது. நல்ல காரியத்துக்கு வெளியூர் போவதென்றால், அது காட்டும் நேரத்தில் வீட்டு வாசலிலிருந்து புறப்பட வேண்டும். வேறு எப்படிப் போனாலும் போனதாகவே கணக்கில்லை.

அந்தக் கடிகாரம் மெதுவாக ஓட ஆரம்பித்தது. அதனால் வெள்ளையப்பன் தன் கல்யாணத்துக்கே பந்தல் பிரித்த பிறகுதான் போய்ச் சேர்ந்தான். காரணூரிலிருந்து பெண் செம்பகவல்லி சொல்லியனுப்பினாள்: "அடுத்த முகூர்த்தத்துக்கும் ஆள் வரலைன்னா எனக்கு வேற மாப்பிள்ளை."

வெள்ளையப்பன் அழுதான். தாய்மாமன் சடகோபனும் கூட்டாளி உலகநாதனும் கடிகாரத்தைக் கட்டிலில் படுக்கவைத்து, போர்வை போர்த்தி, அவனையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குத் தூக்கிப்போனார்கள்.

பழுதுபார்க்கும் ஜமால் பாய் பேச்சுப் பிரியர். "ஒண்ணுமில்லண்ணே, பெண்டுலம் நீளம் கூடிப்போச்சு. அதான் மெதுவா ஆடுது. தரையோட இழுப்பு குறைஞ்சாலும் இப்படித்தான். இதையே நிலாவுல மாட்டினா தூங்கி வழியும். வியாழக் கிரகத்துல மாட்டினா பறக்கும். அது பெரிய உருண்டை, இழுப்பு ஜாஸ்தி. விட்டுட்டுப் போங்க, நாளைக்குத் தர்றேன்."

"கடிகாரம் உங்ககிட்ட இருந்தா, நாளைக்கு ஆயிடுச்சுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் சடகோபன்.

பாய் கடிகாரத்தைத் தூக்கி அவர்கள் கையிலேயே கொடுத்தார். கடிகாரம் மறுபடி கட்டிலில் ஏறியது.

வழியில் ஆலோசனை நடந்தது.

"பெண்டுலம் நீளமாயிடுச்சுன்னாரே?" என்றான் உலகநாதன்.

"அது நான் பிறக்கிறதுக்கு முந்தியே தொங்கினதுடா. இந்த வயசுலயா வளரும்? இழுப்புதான் குறைஞ்சுபோச்சு" என்றார் சடகோபன்.

"அப்ப நம்ம ஊர் நிலாவாயிட்டு வருதா மாமா?" வெள்ளையப்பன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டான். "நான் கல்யாணத்துக்கு நடந்து போறப்ப மேல மிதந்து போயிட்டா?"

ஊர் வந்ததும் அவன் இடுப்பில் ஒரு அம்மிக்கல்லைக் கட்டினார்கள்.

"இப்ப எப்படி இருக்கு?"

"கீழ இழுக்குது மாமா."

சடகோபன் சந்தோஷமாக ஓடிப்போய்க் கடிகாரத்தைப் பார்த்தார். அது பழையபடி தூங்கி வழிந்துகொண்டிருந்தது.

"ஒரு கல்லு போதாது. ஊரே பெரிசாகணும். மண்ணைக் கொட்டணும்."

"நம்ம ஊர் மண்ணை எடுத்து நம்ம ஊர்லயே கொட்டினா ஊர் எப்படிப் பெரிசாகும்?" என்றான் உலகநாதன். யோசித்துப் பார்த்தால் இதில் பிழை சொல்ல எனக்கும் வழி தெரியவில்லை. அவனே மேலும் சொன்னான்: "காரணூர்ல அள்ளுவோம். நம்ம ஊர் வியாழம் மாதிரி ஆகும், கடிகாரம் வேகமா ஓடும். அவங்க ஊர் நிலா மாதிரி ஆகும், அவங்க கடிகாரம் மெதுவா ஓடும். மாப்பிள்ளை எப்படித் தாமதமாவான்?"

சடகோபன் அவனைக் கட்டிக்கொண்டார்.

முகூர்த்த நாளன்று விடியும்போது மூவரும் காரணூரில், கல்யாணப் பந்தலுக்குப் பக்கத்திலேயே மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை இடுப்பில் அம்மியோடு கூடை சுமந்தான். மேளச் சத்தம் கேட்டது. மணக்கோலத்தில் வெளியே எட்டிப்பார்த்த செம்பகவல்லி திகைத்தாள்.

"யோவ்! இங்க என்னய்யா பண்றே?"

"உன் கழுத்துல நேரத்துக்குத் தாலி கட்டணும்னுதான் மண்ணு அள்றேன்."

"அதான் வந்துட்டியே! மணையில உட்காரு."

"நான் இன்னும் வரலை. வீட்லேர்ந்து இனிமேதான் புறப்படணும்."

செம்பகவல்லி வாதாடவில்லை. அம்மியைக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து அவனை மணைக்கு இழுத்துப்போனாள். தாலியை அவன் கையில் திணித்தாள்.

"இதைக் கட்டு."

"கட்டினா விட்டுடுவியா? எனக்குக் கல்யாண வேலை இருக்கு."

"விட்டுடறேன். கட்டு."

கட்டினான். கெட்டிமேளம் முழங்கியது. எல்லாரும் அட்சதை போட்டு நிமிர்வதற்குள், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கூட்டாளிகளோடு தும்பரைக்கு ஓடினான்.

மண்ணைக் கொட்டினார்கள். கடிகாரம் புறப்படும் நேரத்தைக் காட்டும்வரை காத்திருந்தார்கள். வெள்ளையப்பன் அம்மியை அவிழ்த்துவிட்டுக் குளித்து, பட்டு வேட்டி கட்டி, முறைப்படி வாசலிலிருந்து புறப்பட்டான்.

காரணூரில் கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. செம்பகவல்லியின் கழுத்தில் புதுத்தாலியைப் பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, எவனோ முந்திட்டான்!"

சடகோபன் விசாரித்தார். "யாரும்மா அவன்? நேரத்துக்கு வந்தானா?"

"விடியறப்பவே வந்துட்டான்." செம்பகவல்லி பல்லைக் கடித்தாள்.

"ஆள் எப்படி?" என்று வெள்ளையப்பன் தேம்பினான்.

"அச்சு அசலா உன்னை மாதிரியே இருப்பான்."

வெள்ளையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்ப நல்லவனாத்தான் இருப்பான். நீங்க ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்கணும்."

"இருக்கலாம். முதல்ல நீ என் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடு."

வெள்ளையப்பன் பதறி எழுந்து நாலடி தள்ளி நின்றான்.

"அய்யய்யோ, உன் புருஷன் பார்த்தா என்ன நினைப்பான்!"