தையல் எந்தப் பக்கம்

ஒஹையோவில் ஒரு கல்லூரி மைதானம். அங்கே ததேயுஸ் பந்து உதைக்கக் கற்றுக்கொடுத்துவந்தார். கன்னியாகுமரிக் கடலோரத்துக்காரர். அவர் ஆடி வளர்ந்தது உருண்டைப் பந்து. இங்கே கற்றுக்கொடுத்தது முட்டைப் பந்து.

அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. மற்றவர்கள் முட்டி மோதி ஓய்ந்ததும் ஒருவனைக் கூப்பிட்டு, இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கச் சொல்வார்கள். முட்டைப் பந்து தானாக நிற்காது. இன்னொருவன் மண்டியிட்டு அதன் உச்சியை ஒரு விரலால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பந்தின் ஒரு பக்கத்தில் தடித்த வெள்ளைத் தையல். அது கம்பங்களைப் பார்த்திருக்க வேண்டும். உதைக்கிறவனைப் பார்த்தால் பந்து கோணிவிடும்.

செழியன் ததேயுஸின் மாணவன். அந்தக் கல்லூரிக்காக அவனைவிட அதிகப் புள்ளி எடுத்தவர் யாரும் இல்லை. ஆனாலும் தொழில்முறை அணிகள் ஆள் எடுத்த அன்று ஒருவரும் அவன் பெயரைச் சொல்லவில்லை. பிறகு ஓர் அணி, வந்து பார் என்றது. உதைக்கிறவனுக்கு ஒரே இடம். அதற்குச் செழியனும் கானர் என்ற இன்னொருவனும். நாளைய ஆட்டம் முடிந்ததும் இருவரில் ஒருவன் பெட்டியைக் கட்ட வேண்டும்.

செழியன் இன்று காலை காரை எடுத்துக்கொண்டு கிளம்பி ததேயுஸிடம் வந்துவிட்டான்.

"சாப்பிட்டியா மக்கா?"

"அப்புறம் கோச். முதல்ல இதைப் பாருங்க."

கைப்பேசியை நீட்டினான். பயிற்சியில் எடுத்த வீடியோக்கள். செழியனுக்கும் கானருக்கும் பந்து பிடிக்கிற டர்னெல் மண்டியிட்டிருக்கிறான். முன்னாலிருந்து ஒருவன் எறியும் பந்து வருகிறது, வாங்குகிறான், நிறுத்துகிறான். செழியன் உதைக்கிறான். பந்து கோணுகிறது. அடுத்ததிலும் கோணுகிறது.

"தையலைப் பாருங்க. என்னைப் பார்த்து நிக்குது. டர்னெலும் கானரும் காலேஜ்ல ஒரே ரூம். அவனுக்கு வைக்கும்போது சரியா வைக்கிறான். எனக்கு மட்டும் இப்படி."

"அவன்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். சாரின்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான்."

"அழுதுகிட்டே சொல்லியிருந்தா?"

"நடிக்கிறான்னு நினைச்சிருப்பேன்."

ததேயுஸ் தலையை ஆட்டிக்கொண்டார். வீடியோக்களை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினார்.

"வேணும்னே செய்றானா கோச்? அது மட்டும் சொல்லுங்க. ஆமான்னா இன்னைக்கே மேல போய்ச் சொல்லிடுவேன்."

அவர் அடுத்த வீடியோவைப் போட்டார். செழியன் மைதானத்தைப் பார்த்தான். பந்து வைக்கும் இடத்தருகே புல் பெயர்ந்திருந்தது. உதைக்கிறவன் மற்றக் காலை ஊன்றும் தடம். வலது காலால் உதைப்பவன் இடது காலை ஊன்றுவான். இங்கே பதிந்திருந்தது வலது கால். மண் இன்னும் காயவில்லை.

கானர் இடது காலால் உதைப்பவன்.

"இங்க யார் வந்தது?"

"கானர்."

"எப்போ?"

"நேத்து."

செழியன் கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"அவனுக்கும் நீங்கதான் கோச்சா?"

"கேட்டு வர்றவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்."

"என்னைப் பத்திக் கேட்டானா?"

"கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"அவன் இன்னைக்கு வந்து உன்னைப் பத்திக் கேட்டா நான் என்ன சொல்லணும்னு நீ நினைப்பியோ, அதையே நேத்து சொன்னேன்."

செழியனுக்கு அது பிடிக்கவில்லை. கார்ச் சாவியை வெளியே எடுத்தான்.

"போறதுன்னா போ," என்றார் ததேயுஸ். "போகும் முன்னால எனக்கு ஒரு பந்து வச்சுக் கொடு. உதைச்சு ரொம்ப நாளாச்சு."

அவர் ஆணிச் செருப்புபோல முள் வைத்த பழைய ஷூ ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். செழியன் மண்டியிட்டான். அவன் இதுவரை யாருக்கும் பந்து பிடித்ததில்லை. உச்சியில் விரலை வைத்தான். தையலைக் கம்பங்களின் பக்கம் திருப்பினான்.

ததேயுஸ் பின்னால் போய் நின்றார். அவன் விரலையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

நேற்று இந்த இடத்தில் கானர் நின்றிருக்கிறான், இவர் அவனிடம் என்ன பேசினாரோ, என்று செழியன் நினைத்தான்.

அவர் சட்டென்று ஓடி வந்தார். ஷூவின் முள் கண்ணெதிரே வர, செழியன் கையை இழுத்துக்கொண்டான். பந்து சாய்ந்தது. காற்றை உதைத்த ததேயுஸ் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"இடுப்பு போச்சு," என்றார். "விரலை ஏன் எடுத்தே?"

"நீங்க தலையாட்டவே இல்லையே. தலையாட்டினாத்தானே நீங்க தயார்னு எனக்குத் தெரியும்? சும்மா என் கையையே முறைச்சுக்கிட்டு நின்னீங்க. எப்போ வருவீங்கன்னே தெரியலை. பயமா இருந்துச்சு."

"வீடியோவைப் போடு."

செழியன் போட்டான்.

"முதல் வாரத்து வீடியோ. இங்க நீ என்ன செய்றே?"

"தலையாட்டுறேன். கீழ பார்க்கிறேன்."

"இது நேத்தைக்கு முந்தின நாள்."

டர்னெல் மண்டியிட்டபடி செழியனை நிமிர்ந்து பார்க்கிறான். காத்திருக்கிறான். செழியன் அவன் கையை முறைத்துக்கொண்டு நிற்கிறான். தலை அசையவில்லை. டர்னெல் மறுபடி நிமிர்ந்து பார்க்கிறான். பிறகு தானாகவே பந்தைக் கேட்டு வாங்குகிறான். அவசரமாக நிறுத்துகிறான். தையல் செழியன் பக்கம் திரும்பி நிற்கிறது.

செழியன் அதை மறுபடி ஓட்டினான். அத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்த வீடியோ. பார்த்ததெல்லாம் தையலை மட்டும்.

"ஆனா முதல் வாரத்துலயும் ஒரு தடவை தையல் திரும்பியிருந்துச்சு கோச். அப்போ நான் தலையாட்டினேன்."

"ஆமா. பார்த்தேன்."

"அது வேணும்னே செஞ்சதா?"

"தெரியலை. எழுந்து இன்னொரு தடவை வை."

செழியன் மண்டியிட்டான். ததேயுஸ் நொண்டிக்கொண்டே பின்னால் போனார். தலையாட்டினார். கீழே பார்த்தார். ஓடி வந்தார். செழியன் கண்ணை மூடிக்கொண்டான். விரலை எடுக்கவில்லை. காற்று முகத்தில் அடித்தது. கண்ணைத் திறந்தபோது பந்து கம்பங்களுக்கு நடுவே தாழ்வாகப் போய் விழுந்தது.

"போதும்," என்று ததேயுஸ் ஷூவைக் கழற்றினார்.

செழியன் எழுந்திருக்கவில்லை.

"நாளைக்கும் டர்னெல்தான் பிடிப்பான். நான் தலையாட்டுறேன், கீழயும் பார்க்கிறேன். அவன் வேணும்னே திருப்பி வச்சா?"

"வச்சா கோணும். நீ பெட்டியைக் கட்டணும்."

"அப்போ அவன் நல்லவனா இல்லையான்னு தெரியாம நான் எப்படி கோச் உதைக்கிறது?"

ததேயுஸ் அவன் விரலைப் பிடித்து, ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார்.

"ரெண்டாவது தடவை இதை எடுக்காம வச்சிருந்தியே. நேத்து கானர்கிட்ட நான் என்ன பேசினேன்னு அதுக்குள்ள தெரிஞ்சுபோச்சா மக்கா?"