நிலாவைச் சுற்றி வந்த தாள்

இந்தக் கதையில் சீடனுக்குத்தான் தலை முழுக்க நரை. குருவுக்கு இன்னும் ஒரு நரைகூட விழவில்லை.

சீடன் பெயர் திருமேனி. நாமக்கல்லில் லாரி டயர் கடை வைத்திருந்து, பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்தவர். ஓய்ந்த மனிதர் கோயில் குளம் என்று போயிருக்கலாம். இவருக்கு விண்கலப் பித்துப் பிடித்தது. விண்வெளிக்குப் போய்த் திரும்பிய கலங்களின் துண்டு துணுக்குகளைச் சேகரிப்பவர்கள் கோவையில் ஒரு வட்டமாகக் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே போய் ஒட்டிக்கொண்டார்.

வட்டத்தை நடத்துபவர் பூங்கோதை. அசலையும் போலியையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததால் எல்லாருக்கும் அவர் டீச்சர். தன்னைவிட இளையவரிடம் பாடம் கேட்பதில் திருமேனிக்குக் கூச்சமே இல்லை. டயரில் காற்று இறங்கியதை யார் சொன்னால் என்ன, வண்டியை ஓரம் கட்ட வேண்டியதுதானே என்பார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர் தன் முதல் துண்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, சபை நடுவே நின்று, "இது போய் வந்தது" என்று சொல்ல வேண்டும். பிறகு அது எல்லார் உள்ளங்கைக்கும் போய்த் திரும்பும். அன்றிலிருந்துதான் அவருக்கு வட்டத்தில் நாற்காலி. அதுவரை சுவரோரப் பெஞ்சு. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லிவிட்டால் பெஞ்சும் கிடையாது.

திருமேனி பெஞ்சைத் தேய்த்தது போதும் என்று கடைசியில் ஒரு துண்டு வாங்கினார். நிலாவைச் சுற்றிவிட்டுத் திரும்பிய கலத்தின் மேல் போர்த்தியிருந்த தங்க நிறத் தாளில், கட்டைவிரல் நகம் அளவு. கூடவே, அதே சுருளில் வெட்டியும் கலத்தில் ஏறாமல் தரையிலேயே தங்கிவிட்ட, அதே அளவு இன்னொரு துண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இப்படி ஜோடியாக வைத்துக்கொள்வது சேகரிப்பவர்களின் பழக்கம்.

வினை மைத்துனர் உருவில் வந்தது. வீட்டுக்கு வந்த மைத்துனர் செங்கோடன், பிரியாணிப் பொட்டலத்தில் சுற்றித் தருகிற தாள் மாதிரி இருக்கிறதே என்றார். திருமேனிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வித்தியாசத்தைக் காட்டுகிறேன் பார் என்று இரண்டையும் ஒன்றாக எடுத்து மேசையில் வைத்தார். தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

இரண்டும் சோபாவுக்கு அடியில் கிடைத்தன. எது எதுவென்றுதான் தெரியவில்லை.

"இப்ப ரெண்டுமே பறந்தாச்சுங்க அத்தான்" என்றார் செங்கோடன். ஏதாவது ஒன்றைக் காட்டி இதுதான் என்று சொல்லிவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று யோசனையும் சொன்னார். உள்ளதைச் சொன்னால், அந்த யோசனை திருமேனிக்கு அன்று பூராவும் இனித்தது. மறுநாள் சோறு இறங்கவில்லை. கோவைக்கு பஸ் ஏறிவிட்டார்.

பூங்கோதை இரண்டையும் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"எது போய் வந்ததுங்க டீச்சர்?"

"ஞாயித்துக்கிழமை ரெண்டையும் கொண்டு வாங்கண்ணா."

"எதைக் காட்டிப் பேசறதுங்க?"

"உங்களுக்குத் தெரிஞ்சதைப் பேசுங்க."

ஞாயிற்றுக்கிழமை திருமேனி சபை நடுவே வந்து நின்றார். உள்ளங்கைக்கு ஒன்றாக இரண்டு துண்டுகளையும் ஏந்திக்கொண்டார்.

"இதுல ஒண்ணு போய் வந்ததுங்க. இன்னொண்ணு போகலை. எதுன்னு எனக்குத் தெரியலைங்க."

போச்சு, இனி எப்போதும் பெஞ்சுதான் என்று அவர் நினைத்த நேரத்தில், வட்டத்திலேயே பெரிய சேகரிப்பு வைத்திருந்த பல் டாக்டர் ஜோசப் சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் நீட்டினார். யாரோ எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார்கள்.

வழக்கமாக ஒரு துண்டு சபையைச் சுற்றிவர காப்பி ஆறுகிற நேரம்கூட ஆகாது. வாங்குவார்கள், தலையாட்டுவார்கள், அடுத்தவருக்குத் தள்ளுவார்கள். அன்று வாங்கியவர்கள் கொடுக்க மாட்டேன் என்றார்கள். ஒருவர் ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு கனம் பார்த்தார், ஏதோ கனம் இருக்கிற மாதிரி. இதுதான் என்று நான்கு பேர், அதுதான் என்று நான்கு பேர், சின்னப் பிள்ளைகளாகச் சண்டை பிடித்தார்கள். வியர்த்து வழிந்தும் ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. ஜோசப் எழுந்து போய் ஒரு நாற்காலியை இழுத்து வந்து வட்டத்தில் போட்டு, திருமேனியைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். திருமேனிக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் வாய்விட்டே சொன்னார்.

கூட்டம் கலைந்த பிறகு, இரண்டு உள்ளங்கையிலும் இரண்டு துண்டுகளை ஏந்தியபடியே, வாசலில் பூங்கோதையைப் பிடித்தார்.

"அன்னைக்குக் கண்ணாடியில பார்த்தீங்களே டீச்சர். தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுதுங்கண்ணா."

"எதுங்க?"

பூங்கோதை அவருடைய இரண்டு கைகளையும் பார்த்துச் சிரித்தார்.

"சொன்னா, ஒரு கையை இறக்கிடுவீங்க."