கெட்டுப்போகாத வஞ்சிரம்

கேப்டன் தாமோதரன் பெரிய படிப்பாளி. அந்தச் சரக்குக் கப்பலுக்கே அரசர். அப்பேர்ப்பட்டவர் முந்தைய துறைமுகத்தில் மாலுமிகளின் ஆட்டிறைச்சியைக் கமுக்கமாக விற்றுவிட்டு, "குளிர் அறை பழுதாகி எல்லாம் அழுகிப்போச்சு. கடலில் கொட்டிட்டேன்" என்றார். பழி, குளிர்சாதன இன்ஜினியர் சவரிமுத்து தலையில் விழுந்தது.

தூத்துக்குடியில் கம்பெனி மேலாளர் விசாரிக்க ஏறிவந்தார். குளிர் அறை வாசலில் கேப்டன் மீசையை நீவிக்கொண்டு நின்றார்.

"என்னடா, அறை பழுதானது உண்மைதானே?" என்று சவரிமுத்துவை அதட்டினார்.

ஆமாம் என்றால் வேலை போகும். இல்லை என்றால், கேப்டனைப் பொய்யர் ஆக்கியதற்காகப் போகும்.

"நீங்க சொன்னா சரிதான் சார். பழுதேதான்" என்றான் சவரிமுத்து.

மேலாளர் முகம் சிவந்தது. சவரிமுத்து உள்ளே போய் ஒரு பெரிய சாக்கு மூட்டையைத் தூக்கிவந்தான்.

"இறைச்சிக்குப் பக்கத்திலேயே இருந்தது சார். கேப்டன் வீட்டு மாப்பிள்ளை விருந்துக்கு வாங்கின வஞ்சிரம். இதுவும் அழுகியிருக்கும், கொட்டிடறேன்" என்று கப்பல் ஓரத்துக்கு நடந்தான்.

கேப்டன் பாய்ந்து மூட்டையைக் கட்டிக்கொண்டார்.

"டேய், போடாதடா! கல்லு மாதிரி இருக்குடா! துளிகூட கெடல!"

மேலாளர் மூட்டையைத் தட்டிப் பார்த்தார். டொக்கென்றது.

"இறைச்சி அழுகின அறையில மீன் மட்டும் எப்படி கெடாம இருக்கும்?"

"கேப்டனோட மீன் இல்லையா சார்? கெடறதுக்குப் பயந்திருக்கும்" என்றான் சவரிமுத்து.

அன்று மதியம் மாலுமிகளுக்கு வஞ்சிர வறுவல். கேப்டனோ ஏ.சி. ஓடாத தன் அறையில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். ஏ.சி. பழுது என்று சவரிமுத்துவிடம் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை.