பதில் வாங்காத கேள்வி

கோயம்புத்தூரில் ஒரு பேக்கரியின் மாடியில், ஞாயிறு மதியம், கோ என்கிற கணினி மொழியில் புரோகிராம் எழுதுகிறவர்கள் கூடுகிறோம். அங்கே வயசுக்கு மதிப்பில்லை. கேட்கிறவர் சீடர், சொல்கிறவர் குரு. அடுத்த கேள்விக்கு ஆள் மாறிக்கொள்ளலாம். போன வாரம் நான் அரை மணி நேரம் குருவாக இருந்தேன். அப்புறம் வடைத் தட்டைத் தூக்கி வரச் சொல்லிவிட்டார்கள்.

இந்த வாரம் சீடர் நாச்சிமுத்து அண்ணன். ஐம்பது வயசு, பொள்ளாச்சிக்காரர். குரு பர்வீன். அவருக்கு இருபத்தாறு.

நாச்சிமுத்து லேப்டாப்பைத் திறந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"கேள்வி ஒண்ணுதானுங்க அம்மிணி. இதை அழிச்சிரட்டுமா?"

"எதைங்ண்ணா?"

அவர் சொன்னார். ஊரில் ரத்தம் கொடுக்கிறவர்களுக்கென்று ஒரு புரோகிராம் எழுதி வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டால், அந்த வகை ரத்தக்காரர்கள் எல்லோருக்கும் குறுஞ்செய்தி போகும். வியாழக்கிழமை ஒரு பிரசவ கேஸ். பொத்தானை அழுத்தினார். 'அனுப்பியாச்சு' என்று திரையில் வந்தது. நிம்மதியாகப் போய் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சினார். ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. ஒருத்தருக்குமே செய்தி போகவில்லை.

"அப்புறம்?"

"அந்தப் புள்ளையோட வீட்டுக்காரர் எனக்கே போன் பண்ணி அழுதாருங்க. ஒவ்வொருத்தரா கூப்பிட்டு ஆள் புடிச்சோம். பொழைச்சுட்டா. ஆனா எனக்குச் சோறு எறங்கல. இந்த வயசுல எனக்கு எதுக்குங்க புரோகிராம்? அழிச்சிரட்டுமா?"

பர்வீன் திரையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு நாச்சிமுத்துவைப் பார்த்தார்.

"சாப்டீங்களாண்ணா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் பர்வீன் திரும்பி ஜன்னல் பக்கம் போய்விட்டார். கொஞ்ச நேரம் தெருவை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தார்.

"சாப்டீங்களாண்ணா?"

மறுபடி போய்விட்டார். எனக்கே கோபம் வந்தது. மனுசன் நொந்து போய் வந்திருக்கிறார், இவருக்கு விளையாட்டு!

மூன்றாம் தடவை கேட்டுவிட்டுத் திரும்பியபோது நாச்சிமுத்து மேசையைத் தட்டினார்.

"ஏனுங்க அம்மிணி! கேக்கறீங்க, பதில் சொல்றதுக்குள்ள போயிர்றீங்க! அப்புறம் என்னத்துக்குக் கேக்கோணும்?"

பர்வீன் வந்து உட்கார்ந்து, திரையில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"இங்க நீங்க என்ன பண்ணியிருக்கீங்க?"

அனுப்பு என்று சொல்கிற வரி அது. கோ மொழியில் ஒரு வேலையைச் சொன்னால், முடிந்ததா, முடியாவிட்டால் ஏன் என்று பதில் திரும்பி வரும். அந்தப் பதிலுக்குப் பெயர் வைத்து வாங்கிவிட்டு ஒன்றும் செய்யாமல் விட்டால், புரோகிராம் ஓடவே ஓடாது. பதிலே வேண்டாமென்றால் பெயர் வைக்கிற இடத்தில் '_' என்று ஒரு அடிக்கோடு போடலாம். பதில் அதோடு போச்சு.

நாச்சிமுத்து அடிக்கோடு போட்டிருந்தார். அதற்கு அடுத்த வரியில், 'அனுப்பியாச்சு'.

"வாங்கி வெச்சா திட்டுது, திட்டுதுன்னு..." அவர் குரல் இறங்கிவிட்டது. "வாயை அடைக்கத்தான் கோடு போட்டனுங்க."

"கோட்டை எடுங்க. என்ன சொல்லுதுன்னு கேப்போம்."

எடுத்தார். பதிலை வாங்கித் திரையில் காட்டச் சொல்லி எழுதினார். எங்கள் எண்களைக் கொடுத்தோம். பொத்தானை அழுத்தினார்.

'இந்த வாசகம் பதிவு செய்யப்படவில்லை.'

இந்த மாதிரிச் செய்திகளின் வாசகத்தை போன் கம்பெனியிடம் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஒரு வார்த்தை கூடினாலும் போகாது.

"வாசகத்தை மாத்துனீங்களா?"

நாச்சிமுத்து தலையில் கை வைத்தார். "போன மாசம்... ரத்தம் கேக்கறமே, கொஞ்சம் மரியாதையா இருக்கட்டும்னு, முன்னால 'தயவுசெய்து' சேத்தனுங்க."

யாரோ சிரித்தார்கள். நானும்தான். அவர் அந்த மரியாதையை அழித்துவிட்டு மறுபடி அழுத்தினார்.

மாடி முழுக்கப் போன்கள் ஒலித்தன. மூலையில் காதில் பாட்டு மாட்டியிருந்த ஹரிஷ் செய்தியைப் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டான்.

"அவசரமா ரத்தம் வேணுமாம்! என் குரூப்தான். எந்த ஆஸ்பத்திரி?"

"சோதனைடா, உக்காரு!"

நாச்சிமுத்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. "அப்பாடா!" என்றார். "அப்பாடா! போகுதுங்க!"

அப்புறம் இன்னும் நாலு வரி எழுதினார். இனிமேல் ஒரு செய்தி போகாவிட்டாலும் அவர் போன் அலறும். தென்னந்தோப்பில் இருந்தாலும் கேட்கும்.

எழுதி முடித்துவிட்டுத் தயங்கினார்.

"நீங்க ஒண்ணும் சொல்லலீங்களே. நான் கேட்டது... அழிச்சிரட்டுமான்னு."

பர்வீன் எழுந்து அவர் எதிரில் வந்து நின்றார்.

"சாப்டீங்களாண்ணா?"

நாச்சிமுத்து ஜன்னலைப் பார்த்தார். பர்வீன் இந்தத் தடவை அங்கே போகவில்லை, பதிலுக்காக நின்றார்.