வெளியூர் ஒன்பது பேர்

கூவனூர்க்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். அவர்களுடைய கஷ்டமே அதுதான்.

அந்த ஊர்த் தவில்காரன் தவசிக்கு முழங்காலில் ஒரு புண். மாதம் ஒன்றாகியும் ஆறவில்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு இன்னும் இருபத்தைந்து நாள்தான். நிற்கவே முடியாதவன் தவிலை எப்படித் தூக்குவான்? கவலையில் கஞ்சியும் இறங்கவில்லை. மேளக் கூட்டாளிகளான பூவலிங்கம், சொக்கன், மயிலேறி மூவரும் அவனை டாக்டரம்மாவிடம் தூக்கிப் போனார்கள்.

"வெறும் கஞ்சி குடிச்சா சதை எப்படி வளரும்? புரதம் வேணும். புரதத்துக்கு இருபது அமினோ ஆசிட் வேணும். அதுல ஒன்பது நம்ம உடம்பால செய்ய முடியாது. வெளியிலேர்ந்துதான் வரணும். சாப்பாட்டோட உள்ளே போகணும். ஒண்ணு குறைஞ்சாலும் வேலை நின்னுடும்" என்றார் டாக்டரம்மா.

திரும்பும் வழியில் ஆலோசனை நடந்தது.

"ஆசிட்டுன்னா கக்கூஸ் கழுவுறதுல்ல?" என்றான் மயிலேறி.

"அது வேற குடும்பம். இவங்க அமினோ வீட்டு ஆளுங்க" என்றான் எட்டாவது வரை படித்த பூவலிங்கம்.

"எந்த ஊருலேர்ந்து வருவாங்க?"

"ஊர் பேர் சொல்லல. எப்படியும் பஸ்ஸுலதான் வரணும்."

மறுநாள் பஸ்ஸில் ஏழு பேர் இறங்கினார்கள். "ரெண்டு பேர் குறையுது" என்று திருப்பி ஏற்றிவிட்டார்கள். அடுத்த நாள் பதினொரு பேர். எந்த இரண்டு பேரைக் கழிப்பது என்று தீர்மானிப்பதற்குள் எல்லோரும் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் மண்வெட்டியும் கடப்பாரையுமாகச் சரியாக ஒன்பது பேர் இறங்கினார்கள். கிணறு வெட்ட வந்தவர்கள்.

"வெளியூர்தானே?" என்று கேட்டான் சொக்கன்.

"ஆமாங்க."

"வாங்க, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்."

பருப்பும் முட்டையும் மீன் குழம்பும் சமைத்து, ஆளுக்கொரு தட்டைக் கையில் கொடுத்து, சாப்பாட்டோடு தவசியின் வீட்டுக்குள்ளே அனுப்பினார்கள். ஒன்பது பேரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தவசிக்கு வழக்கம்போல் கஞ்சி. மீன் வாசனையில் அவனுக்குக் கண் கலங்கியது. வைத்தியம் என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

கிணற்று மேஸ்திரி மாசானத்துக்கு மனசு கேட்கவில்லை. "சீக்காளியப் பாக்க வச்சு திங்கறதாய்யா?" என்று தன் முட்டையை எடுத்துத் தவசியின் வாயில் வைத்தார். மற்றவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் மீன், ஒரு கரண்டி பருப்பு என்று தள்ளினார்கள். கிணறு வெட்டி முடிய இருபது நாள். இருபது நாளும் இதேதான். புண் ஆறிவிட்டது.

"பாத்தியா, ஒன்பது பேரும் உள்ளே போனதும் வேலை நடந்துட்டுது" என்றான் பூவலிங்கம்.

டாக்டரம்மாவுக்கும் சந்தோஷம். "நல்லா ஆறியிருக்கு. ஆனா தவசி, தினமும் ஒரு முட்டை. எக்காரணம் கொண்டும் முட்டைய விட்டுடாதே" என்று சொல்லி அனுப்பினார்.

தவசி விடவில்லை. குளிக்கும்போதும் தூங்கும்போதும் இடது கையில் ஒரு முட்டை. காலையில் பழையதை வைத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்வான்.

கொடை நாள் வந்தது. ஊரே கூடி நிற்கிறது. உடம்பு குலுங்கினால் முட்டை உடைந்துவிடுமே என்று நால்வரும் கூடிப் பேசினார்கள். பிறகு தவசி வலது கையில் குச்சியை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றான். மற்ற மூவரும் தவிலைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடி வந்து, தாளம் தப்பாமல், அந்தக் குச்சியில் மோதினார்கள்.