இறங்கி வந்து பேசிய நாலு இன்ஸ்பெக்டர்கள்

முளைக்காட்டுச் சரகத்தில் நாலு இன்ஸ்பெக்டர்கள் இருந்தார்கள். நாலு தலையையும் சேர்த்துப் பிழிந்தாலும் ஒரு கரண்டி மூளை தேறாது. அதனால்தானோ என்னவோ, மேலிடம் அவர்களைத் தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அனுப்பி வைத்தது.

இரண்டு நாள் கொட்டாவி விட்டே கழிந்தது. மூன்றாம் நாள், பயிற்சி கொடுக்க வந்த அம்மா, "உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவரிடம் இறங்கி வந்து பேசுங்கள். அவர் குறையைக் கேட்டுத் தீர்த்து வையுங்கள். அதுதான் பரீட்சை" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

பரீட்சைக்கு மாட்டியவர் ஏட்டு உச்சிமாகாளி. அவருக்கு நிஜமாகவே ஒரு குறை இருந்தது. மறுநாள் ஊரில் மகளுக்குக் காதுகுத்து. ஒரே ஒரு நாள் லீவுக்குப் பதினோரு தடவை கெஞ்சிவிட்டார். மூன்றரை மணி பஸ்ஸை விட்டால் வேறு பஸ் கிடையாது. குறை கேட்க நாலு அதிகாரிகளாம் என்றதும் அந்த அப்பாவி மனுஷன் பையோடு வந்து நின்றார்.

மூத்தவரான சொர்ணபாண்டி தரையை உற்றுப் பார்த்தார்.

"நாம தரையிலல்லா நிக்கோம். எங்கயிருந்து இறங்குறது?"

நியாயமான கேள்விதான் என்று மற்றவர்கள் தலையாட்டினார்கள். அரைமணி நேரம் ஆலோசித்து, இறங்க வேண்டுமானால் முதலில் ஏற வேண்டும் என்று இளையவரான தேவசகாயம் கண்டுபிடித்தார். ஏணி வந்தது. உச்சிமாகாளி பிடித்துக்கொள்ள, பதவி மூப்புப்படி நால்வரும் வண்டிக் கொட்டகைக் கூரைமேல் ஏறினார்கள்.

இறங்கப் பார்த்தால் சிக்கல். முதலில் ஏறிய சொர்ணபாண்டி கோடியில் இருந்தார். கடைசியாக ஏறிய தேவசகாயம் ஏணிப் பக்கம். மூத்தவர் இருக்க இளையவர் முந்தலாமா? மகாபாவம். ஒருவரை ஒருவர் தாண்டிப் போகவோ யாருக்கும் தைரியமில்லை. கடைசியில் உச்சிமாகாளியையே மேலே வரச்சொல்லி, ஒவ்வொருவரையும் மூட்டை நகர்த்துவது போல நகர்த்தி வரிசை மாற்றச் சொன்னார்கள். பஸ் நினைப்பில் அவரும் முக்கி முனகி அதைச் செய்து முடித்தார். நால்வரும் கம்பீரமாக இறங்கினார்கள்.

கீழே பேசுவதற்கு ஆள் இல்லை.

"ஏட்டு எங்கவே?"

"மேல நிக்காரு அண்ணாச்சி."

சொர்ணபாண்டிக்கு முகம் வெளிறிப்போயிற்று. "நமக்கு மேல நிக்கவரு மேலதிகாரில்லா!"

நால்வரும் விறைப்பாகச் சல்யூட் அடித்தார்கள்.

உச்சிமாகாளிக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலிலேயே ஒரு யோசனையும் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாளைக்கு நான் லீவு. எழுதிக்கிடுங்க" என்றார். தேவசகாயம் பவ்யமாக எழுதினார். சொர்ணபாண்டி கையெழுத்துப் போட்டார்.

பதினோரு தடவை கெஞ்சியும் கிடைக்காத லீவு, கூரையில் நின்று அதட்டியதும் கிடைத்துவிட்டது. மனுஷன் இரண்டிரண்டு படியாக இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"ஏல, எங்க ஓடுத?" என்று மறித்தார் சொர்ணபாண்டி.

"லீவு தந்துட்டீயளே ஐயா."

"அது மேல நின்ன ஐயாவுக்கு."

நால்வரும் அண்ணாந்து பார்த்தார்கள். கூரை காலியாக இருந்தது.

"பாத்தியா, ஐயா லீவுல கெளம்பிட்டாங்க" என்றார் சொர்ணபாண்டி. "அவங்க திரும்பி வந்து இறங்குத வரைக்கும் ஏணியப் பிடிச்சுக்கிட்டு நில்லு."