ஹெல்சிங்கிக்குக் கிளம்பிய கொம்பையா

காட்டோரக் கண்மாயில் கொம்பையா என்றொரு எருமைக்கடா இருந்தது. மருதமரத்து நிழலில் உள்ள சேற்றுக்குழி அதனுடையது. சித்திரை வெயிலில் கண்மாய் வற்றித் தரை பாளம் பாளமாக வெடித்தாலும், அந்தக் குழியில் மட்டும் சேறு குளுகுளுவென்று இருக்கும். எல்லா மிருகங்களுக்கும் அதன்மேல் ஒரு கண். பவளம் என்ற பன்றிக்கு இரண்டு கண்ணும் அதன்மேல்தான்!

மாசி மாதம் ஒருநாள், உள்ளான் குருவி ஒன்று கொம்பையாவின் முதுகில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியது. வருஷா வருஷம் குளிருக்குப் பயந்து வடக்கேயிருந்து பறந்து வரும் சின்னப் பறவை அது.

"எங்க ஊருப் பக்கம் ஹெல்சிங்கினு ஒரு தலைநகரம் இருக்குண்ணே. குளிர் காலத்துல கடலே கெட்டியாயிடும், மேல நடக்கலாம்! மனுசங்க மரவீட்டுக்குள்ள ஆவியில வெந்துட்டு, அப்படியே ஓடிவந்து ஐஸ் தண்ணியில குதிப்பாங்க!"

"அப்படி என்ன தப்பு பண்ணினாங்க?"

"தப்பா! அதுதான் அங்க சொகுசே!"

கொம்பையாவுக்கு ஆசை வந்துவிட்டது. எருமைக்கு ஆசை வந்தால் லேசில் போகுமா?

"நானும் வர்றேன்!" என்றது.

"பங்குனிக் கடைசியில தெக்கத்திக் காத்து வீசும். எங்க கூட்டம் அந்த நிமிஷமே கிளம்பிடும். நான் தாழப் பறக்கிறேன், நீங்க பின்னாலேயே நடந்து வாங்க. ஆனா ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்க முடியாது. கூட்டத்தை விட்டா எனக்கு வழி தெரியாது!"

"ஒரு நிமிஷம் எதுக்கு? நான் ரெடியா நிப்பேன்!" என்றது கொம்பையா.

ஏற்பாட்டுக்கு ஒரு காக்கா வந்து சேர்ந்தது. வெளிநாட்டுப் பயணம் என்றால் தன்னைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரியும். அது இந்தக் கண்மாயின் எதிர்க்கரையைக்கூடப் பார்த்ததில்லை!

"சாதாப் பயணமாண்ணே, சொகுசா?"

"சொகுசுதான். கூடவே சாகசமும் வேணும். ஆனா பயமா இருக்கக் கூடாது."

"பண்ணிடலாம்!"

"பனியில உருளணும். பனி சில்லுனு இருக்கக் கூடாது."

"சொல்லி வெதுவெதுன்னு போடச் சொல்றேன்!"

"வழியில பத்து மைலுக்கு ஒரு குளம் வேணும். கடல் வந்தா?"

"நீந்திடலாம்ணே! நடுவுல ஒரு டீக்கு நிறுத்துவாங்க!"

பிறகு மூட்டை கட்டும் வேலை ஆரம்பித்தது. போகிற இடத்தில் என்ன கிடைக்குமோ என்று புண்ணாக்கு ஏழு மூட்டை, தவிடு நாலு மூட்டை, நம்மூர் வைக்கோல் ஒரு போர். தண்ணீர் மாறினால் ஒத்துக்கொள்ளாது என்று ஒரு பானை கண்மாய்ச் சேறு வேறு! "இதையெல்லாம் யார் தூக்குறது?" என்று உள்ளான் கேட்டது. காக்கா அடுத்த மூட்டைக்குக் கயிறு தேடப் போய்விட்டது.

இதோடு விட்டிருந்தாலும் கொம்பையா கிளம்பியிருக்கும். காக்கா விடவில்லை.

"வழியனுப்பு விழா வைக்காம எவன்ணே வெளிநாடு போறான்? ஒரு பேனராவது வேண்டாமா?"

பங்குனிக் கடைசி வாரத்தில் ஒருநாள் காலையில் விழா. தூக்கணாங்குருவிகள் நாணலில் பேனர் பின்னியிருந்தன. அதில் கொம்பையா கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு பனிமலைமேல் நின்றது. கீழே, 'ஹெல்சிங்கியே நடுங்கு! எங்கள் அண்ணன் வருகிறார்!' என்று எழுதியிருந்தது. அங்கே ஏற்கெனவே எல்லோரும் குளிரில் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

மேடையில் கொம்பையா உட்கார்ந்தது. பக்கத்தில் சிறப்பு விருந்தினராக உள்ளான். பொன்னாடைக்குப் பதிலாகத் தாமரை இலை. ஒன்று, இரண்டு இல்லை, இருபத்தாறு! தவளைதான் விழாவை நடத்தியது.

முதலில் குரங்கு முக்கால் மணி நேரம் பேசியது. அடுத்துக் கீரி பேசியது. அதற்கடுத்துப் பவளம் எழுந்தது.

"எங்க அண்ணன் சாதாரண ஆளா! பனியில புரளப்போற உடம்புய்யா அது! இந்தச் சேறெல்லாம் இனி அவருக்கு எந்த மூலைக்கு!"

கைதட்டல் காதைப் பிளந்தது. கொம்பையாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒலிபெருக்கி மாதிரி கத்தியது:

"எனக்கு எதுக்கு இனிமே சேறு! என் குழியைப் பவளத்துக்கே குடுத்துட்டேன்! எல்லாரும் சாட்சி!"

அப்போதுதான் மருதமரத்து இலைகள் வடக்கே பார்த்துச் சாய்ந்தன. உள்ளான் துள்ளி எழுந்தது.

"அண்ணே, காத்து வந்துடுச்சு! வாங்க, வாங்க!"

"சிறப்பு விருந்தினர் கடைசியிலதான் பேசணும்! உட்காருங்க!" என்றது தவளை.

"கூட்டம் கிளம்புதுண்ணே! கும்பிட்டுக் கேக்குறேன், எந்திரிங்க!"

"இரும்மா, இன்னும் உடும்பு பேசலையே! பாதியில எந்திரிச்சா கோவிச்சுக்குவான்" என்றது கொம்பையா.

உடும்பு பேசியது. ஆமையும் பேசியது. ஆமை பேச்சை முடிப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. நன்றியுரையும் முடிந்து கொம்பையா திரும்பிப் பார்த்தால், பக்கத்து இருக்கை காலி. வானத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

"பரவாயில்லண்ணே, அடுத்த வருஷம் இதைவிடப் பெரிய விழாவா வெச்சிடலாம்!" என்று சொல்லிவிட்டுக் காக்கா நழுவியது.

கொம்பையா அசடு வழிய மருதமரத்தடிக்குப் போனது. பவளமும் பதினோரு குட்டிகளும் குழிக்குள் சுகமாகப் புரண்டுகொண்டிருந்தன.

"அண்ணே! போகலையா?"

"அது வந்து... கொஞ்சம் தள்ளிப்போயிருக்கு. பவளம், அதுவரைக்கும் ஒரு ஓரமா நான்..."

"ஐயையோ! ஊரைக் கூட்டி, மேடையில நின்னு குடுத்தது! அதைத் திருப்பி வாங்கினா நாலு பேரு என்ன பேசுவாங்க? உங்க மரியாதைக்கு ஒரு குறைவும் வர விடமாட்டேண்ணே!" என்று சொல்லிவிட்டுப் பவளம் மறுபக்கம் புரண்டு படுத்தது.

மறுவாரமே சித்திரை பிறந்தது. கண்மாய் வற்றியது. வெடித்த தரையில், உச்சி வெயிலில், கழுத்தில் காய்ந்த தாமரை இலைகளோடு நின்று கொம்பையா வாய்விட்டு அழுதது.

கிளம்புவதற்கு முன்பே மாலை வாங்கிக்கொள்கிறவர், போக நினைத்த ஊருக்கும் போகமாட்டார், இருந்த இடத்தையும் இழந்து நிற்பார்.